கிளையண்ட்டுக்குப் புரையேறியபோது

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவன், தனக்குத் தண்ணீர் குடிக்கத் தெரியாது என்று எழுதுவது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான். நான் பி.காம். படித்தவன். சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் ஆபீஸ் வேலை. மூன்று மொழிகளில் சண்டை போடுவேன். தண்ணீர் மட்டும், செம்பூரில் ஒரு ஹோட்டலில், அத்தனை பேர் முன்னால் என்னைக் கைவிட்டுவிட்டது.

மகள் பவித்ரா அப்போது சயானில் கல்லூரிக் கடைசி வருடத்தில் இருந்தாள். படிப்பு முடியும் நேரத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். கம்பெனிக்காரர்களோடு விருந்தில் உட்கார்ந்தால் எப்படிச் சாப்பிடுவது, எப்படிப் பேசுவது என்று சொல்லித்தர ஒரு மேடம் வந்தார். (சாப்பிடுவதற்கும் ஒரு டீச்சரா என்று என் மனைவி செல்வி கேட்டாள். நியாயமான கேள்விதான்.) பயிற்சியின் முடிவில் நிஜமாகவே ஒரு விருந்து. ஒவ்வொரு மாணவரும் வீட்டிலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வர வேண்டும். விருந்து கொடுப்பவர் மாணவர். வந்த பெரியவர் ‘கிளையண்ட்’. பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து இரண்டு பேர் மேஜை மேஜையாக உட்கார்ந்து கவனிப்பார்கள். பிடித்த பிள்ளைகளை இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவார்கள்.

பவிக்கு அந்தக் கம்பெனிதான் வேண்டும். வாயைத் திறந்து அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்கத் தூக்கத்தில்கூட இங்கிலீஷில் பேசினாள்.

“உங்க அம்மா வரட்டுமே” என்று நழுவப் பார்த்தேன்.

“ஆத்தாடி, முள்ளுக்கரண்டியக் கண்டாலே எனக்கு வயித்தக் கலக்கும்” என்றாள் செல்வி. “நீங்கதான படிச்சவுக. நீங்களே போங்க.”

வீட்டில் ஒத்திகை ஆரம்பமானது. மடியில் செல்வியின் புதுத் துண்டு. இடது கையில் முள்கரண்டி, வலது கையில் கத்தி, இரண்டுக்கும் நடுவில் தோசை.

“ப்பா, அறுக்கும்போது முழங்கை பக்கத்துல இருக்கவங்க மேல படக் கூடாது.”

“தாராவி ரூமுல முழங்கைய எங்கட்டி வைக்க? கழத்தியா வைக்க முடியும்?”

“அரே யார்!” என்று இந்தியில் சலித்துக்கொண்டாள் பவி. “சீரியஸா பண்ணுங்கப்பா.”

“அந்தத் தோசை என்ன பாவம் செஞ்சிது? இப்படிக் குத்திக் கொல்லுதியளே” என்றாள் செல்வி.

சூப்பை நம் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாகத் தள்ளி அள்ள வேண்டுமாம். (பசித்தவன் எவனும் கண்டுபிடித்த முறை இல்லை இது.) எல்லாவற்றையும்விட முக்கியமான விதி என்று ஒன்றைப் பவி திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“மேஜையில ஏதாச்சும் தப்பு நடந்தா யாரும் கண்டுக்கக் கூடாது. ஸ்பூன் விழுந்தா குனிஞ்சு எடுக்கக் கூடாது. கெஸ்ட் எதையாவது கொட்டிட்டா, பாக்காத மாதிரி நம்ம பேசிக்கிட்டே இருக்கணும். அப்பத்தான் அவங்களுக்குச் சங்கடமா இருக்காது.”

நல்ல விதியாகத்தான் பட்டது. இப்படி எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்தோம், தண்ணீரைத் தவிர. தண்ணீர் குடிப்பதை யார் ஒத்திகை பார்ப்பார்கள்?

விருந்தன்று பக்கத்து வீட்டுக்காரரின் டையைக் கட்டிக்கொண்டு போனேன். ஹோட்டலின் மாடி ஹாலில் எங்கள் மேஜைக்கு நான்கு பேர். எதிரே பவியின் வகுப்புப் பையன் ஒருவனும், அவனுடைய கிளையண்ட்டாக வந்த அவன் அத்தையும். பவி என்னைக் கைகுலுக்கி வரவேற்று, பயணம் சௌகரியமாக இருந்ததா என்று இங்கிலீஷில் விசாரித்தாள். ரொம்ப சௌகரியம் என்றேன். (இருவரும் ஒரே பஸ்ஸில், ஒரே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தோம்.)

சூப் நல்லபடியாகப் போனது. முள்கரண்டியும் சொன்னபடி கேட்டது. நான்கூட ஒரு நல்ல கிளையண்ட்தான் போலிருக்கிறதே என்று நினைத்த நேரத்தில், கம்பெனியிலிருந்து வந்த இருவரில் ஒருவரான பெண் அதிகாரி எங்கள் மேஜையில் வந்து அமர்ந்தார். என்னைப் பார்த்துச் சிரித்து, “இந்த வருஷம் உங்கள் தொழில் எப்படி, சார்?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

பவி எனக்குக் கொடுத்திருந்த வேஷம் ஏற்றுமதிக் கம்பெனி முதலாளி. நிஜத்தில் நான் அப்படிப்பட்ட முதலாளிகளிடம் திட்டு வாங்குகிறவன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம் என்று கண்ணாடிக் கோப்பையை எடுத்தேன்.

எடுத்தவன், அண்ணாந்தேன்.

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்ச் செம்பு. பிறந்த வீட்டிலும் அப்படித்தான். அடுத்தவர் குடிக்கிற பாத்திரத்தில் வாய் வைப்பது அசிங்கம். தூக்கி ஊற்றிக் குடிப்பதுதான் மரியாதை. அன்று என் கை தனக்குத் தெரிந்த மரியாதையைத்தான் செய்தது.

செம்புக்கு இருக்கும் விளிம்பு அந்தக் கோப்பைக்கு இல்லை. வாயோ அகலம். உள்ளே நான் கவனிக்காத ஐஸ்கட்டிகள் வேறு. முதலில் ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். அப்புறம் எல்லாம் ஒன்றாக வந்தது. ஒரு கட்டி மூக்கில் விழுந்தது, ஒன்று சட்டைக்குள் இறங்கியது. பாதித் தண்ணீர் பக்கத்து வீட்டுக்காரரின் டைக்கு, மீதி போகக்கூடாத வழியில்.

புரையேறியது. சாதாரணமாக இல்லை. இருமல் ஒன்றிரண்டு வந்து, பிறகு அதுவும் நின்றது. மூச்சை இழுத்தால் உள்ளே போக மாட்டேன் என்கிறது. கண்ணில் நீர் முட்டியது.

அந்த மேஜையில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் அவ்வளவு நன்றாகப் பயிற்சி பெற்றிருந்தார்கள். எதிரே இருந்த அத்தை ரொட்டியின் மூலைவரைக்கும் நிதானமாக வெண்ணெய் தடவினார். பையன், இந்த வருடம் மழை எப்படி என்று அதிகாரியிடம் கேட்டான். அதிகாரி தன் தட்டைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். இவர்கள் எல்லோரும் என் மேல் வைத்த மரியாதையாலேயே நான் போய்ச் சேர்ந்துவிடுவேன் போலிருந்தது.

ஆனால் அந்த நேரத்தில் என் பயம் உயிரைப் பற்றியதாக இல்லை. ‘எந்திரிக்காத பவி, பாக்காத மாதிரி இரு’ என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. சைகை காட்டக் கையைக்கூடத் தூக்கினேன்.

நாற்காலி சாயும் சத்தம் கேட்டது. மடித்துணி எங்கேயோ பறந்தது. கோட்டு போட்ட என் மகள் மேஜையைச் சுற்றி ஓடி வந்து, என் உச்சந்தலையில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள்.

“ப்பா! யாரோ நினைக்காவப்பா! மேல பாருங்க! மேல பாருங்கப்பா!”

ஹால் முழுக்கக் கேட்கும்படி, சுத்தமான எங்கள் வீட்டுத் தமிழில். அப்பா என்று வேறு கூப்பிட்டுவிட்டாள்; கிளையண்ட்டாவது ஒன்றாவது. தலையில் தட்டு, முதுகில் குத்து, மறுபடி தலையில் தட்டு. எந்தத் தட்டில் என்று தெரியவில்லை, மூச்சு திரும்பி வந்தது.

அதிகாரி மெதுவாகக் கேட்டார்: “தலையில் ஏன் தட்டினாய்?”

“யாரோ அவரை நினைக்கிறார்கள், மேடம்” என்றாள் பவி இங்கிலீஷில்.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் இன்னும் ஏற்றுமதி முதலாளி அல்லவா? “ஆமாம், தொழில் நன்றாகப் போகிறது” என்றேன்.

கடைசியில் வாசித்த பெயர்களில் பவித்ராவின் பெயர் இல்லை. மழையைப் பற்றி விசாரித்த பையனின் பெயர் இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஈரச் சட்டையோடு ஜன்னலோரம் உட்கார்ந்து, “என்னாலதான் கெட்டுப்போச்சுட்டி” என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: “சும்மா இருங்கப்பா. உங்க மூஞ்சி நீலமாயிட்டு. அப்படியே போயிருந்தா அம்மாட்ட என்ன சொல்ல? கிளையண்ட் செத்துட்டாருன்னா?”

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை விடவில்லை.

வீட்டில் செல்வி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அது எந்நேரம்?” என்று மட்டும் விசாரித்தாள். சொன்னோம். முகம் மாறியது.

“ஐயோ, அப்ப அது நாந்தான். குக்கர வச்சிட்டு உக்காந்து, இந்த மனுசன் அங்கன போயி என்ன கூத்து அடிக்காரோன்னு நினைச்சேன். கொஞ்சம் பலமாவே நினைச்சிட்டேன்.”

பவி அன்று முதல்முறையாகச் சிரித்தாள். “அம்மா! என் வேலை போனது உன்னாலயா?”

குற்றவாளி கிடைத்துவிட்டதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லி முடியாது. இப்போதெல்லாம் நான் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, வாய் வைத்துத்தான் குடிக்கிறேன். அப்படியும் வீட்டில் பேச்சு நின்றுவிடும். பவியின் கை தானாக என் தலைப் பக்கம் வரும். “ஏட்டி, கிளையண்ட்டுக்குத் தண்ணி வை” என்பாள் செல்வி.

சில மாதம் கழித்துப் பவிக்கு வேறொரு கம்பெனியில் இன்டர்வியூ வந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் அம்மாவுக்கு உத்தரவு போட்டாள்: “நான் போன் பண்ற வரைக்கும் என்னை நினைக்கக் கூடாது. அப்பாவையும் நினைக்காத.”

“சும்மா இருக்க மனசு வேற என்னத்த நினைக்குமாம்?”

“யாரையாச்சும் நினை. அம்பர்நாத் அத்தைய நினை.”

செல்வி சொன்னால் செய்கிறவள். மத்தியானம் முழுக்க அடுப்படியில் உட்கார்ந்து, அம்பர்நாத்தில் இருக்கும் என் தங்கையை ஒரே மூச்சாக நினைத்தாள். சாயங்காலம் தங்கையிடமிருந்து போன் வந்தது.

“அண்ணே, இன்னைக்கு ஒரு வாய் சோறு திங்க முடியல. வாய்ல வச்சா புரையேறுது, வச்சா புரையேறுது. எந்தப் பாவி நினைச்சாளோ தெரியல.”

பவிக்கு அந்த வேலை கிடைத்தது. என் தங்கைக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.