பசை தடவிய தியாகம்

தனக்கு வந்த மாத்திரையை மனைவிக்குக் கொடுத்துவிடுவது என்று பார்சல்காரர் தீர்மானித்தார். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள். ஆகவே கேட்பதில்லை என்றும் தீர்மானித்தார்.

உலகமெல்லாம் சுற்றிய தொற்று இருவரையும் ஒன்றாகப் பிடித்திருந்தது. டாக்டர் போனில் தெளிவாகத்தான் சொன்னார். இவருக்கு வயது, சர்க்கரை, போதாததற்கு இதயத்தில் ஒரு பழுது. வைரஸைப் பெருகவிடாத மாத்திரையைக் காய்ச்சலின் தொடக்கத்திலேயே இவர் ஆரம்பித்துவிட வேண்டும். வீட்டம்மா வயதில் சின்னவர், திடமானவர். காய்ச்சல் மாத்திரையும் ஓய்வும் போதும், ஆசைப்பட்டால் ஒரு வைட்டமின். மச்சான் சிபாரிசு செய்த பூச்சி மாத்திரை பூச்சிக்குத்தான் என்றார். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன ஸ்டீராய்டு, ஆக்சிஜன் இறங்கினால்தான். இப்போது போட்டால் கெடுதல் என்று அதட்டினார்.

எல்லாம் சரி. ஆனால் அவள் இருமினாள். அடுப்படியிலிருந்து அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் இவர் எழுந்து போய் எட்டிப் பார்த்தார். தான் போனால் அவள் எப்படியும் சமாளித்துவிடுவாள். அவள் போய்விட்டால் தனக்கு மாற்றுச் சட்டை எங்கே இருக்கிறது என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

வைட்டமினும் அந்த மாத்திரையும் ஒரே வெள்ளை, ஒரே நீளம். திட்டம் அங்கேதான் பிறந்தது. வழியில் பிரிந்துபோன பெட்டியைப் பிரியாத பெட்டியாக்கி அனுப்புவதில் பார்சல் ஆபீசில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவள் குளிக்கப் போன நேரத்தில் இரண்டு மாத்திரை அட்டைகளின் முதுகுத் தாளையும் பிளேடால் உரித்தார். மாத்திரைகளை இடம் மாற்றினார். பசை தடவி, நகத்தால் நீவி மூடினார். பெற்ற தாயே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

அடுப்படியில் அட்டைகளைப் பிரித்து, ஆளுக்கொரு தட்டில் அவள் கொண்டுவந்தாள். அவள் விழுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரை தொண்டையில் இறங்கியதும் இவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னங்க அப்படிப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. தண்ணி நல்லா குடி."

இவருடைய வைட்டமின்தான் துருப்பிடித்த ஆணியைச் சப்பியதுபோல் கசந்தது. காய்ச்சல் வாய் அப்படித்தான் இருக்கும் என்றாள். தியாகிகள் கசப்பைப் பற்றிப் பேசக்கூடாது என்று இவரும் விட்டுவிட்டார். நடிப்பு கலைந்துவிடக் கூடாதே என்று ஒரு வேளைகூட விடாமல் விழுங்கினார்.

இருவரும் பிழைத்தார்கள். அவள் இருமல் அடங்கிய காலையில், செய்த தியாகம் வயிற்றில் தங்கவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவள் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"நீ இருமினது எனக்குத் தாங்கல. அதான்."

அவள் கையிலிருந்த சட்டையை மடித்து அடுக்கினாள்.

"அட்டையைத் தொட்டதுமே தெரிஞ்சுபோச்சு. மருந்து கம்பெனிக்காரன் இவ்வளவு அழகா ஒட்ட மாட்டான். என் அட்டையில இருந்து உங்களுக்கு எடுத்தேன், உங்க அட்டையில இருந்து நான் எடுத்துக்கிட்டேன்."

"அடிப்பாவி. அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

அவள் எட்டி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"சொல்லியிருந்தா காய்ச்சல் விட்டதும் நிறுத்தியிருப்பீங்க. கல்யாணம் ஆனதிலேர்ந்து நீங்க ஒரு மருந்தை முழுசா சாப்பிட்டு முடிச்சது இதுதாங்க."