தாய்மொழி: மராத்தி

எழுத்துமூலமாக நான் சொன்ன பொய் வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான். (வாயால் சொன்னவற்றைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் நோட்டுப் புத்தகம் போதாது.)

தொண்ணூறுகளில் நாங்கள் புனேயில் தாபோடியில் இருந்தோம். கணவருக்குக் கட்கி தொழிற்சாலையில் வேலை. மகள் கவிதா ஐந்தாவது முடித்திருந்தாள். ஆறிலிருந்து எட்டு வரை அவள் பள்ளியில் வேறு கட்டடம், வேறு டீச்சர்கள். அங்கே ஒருமுறை ஏ, பி, சி என்று டிவிஷன் போட்டுவிட்டால் மூன்று வருடத்துக்கும் அதுதான். ஜூனில் பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு பட்டியலைச் சுவரில் ஒட்டுவார்கள். பக்கத்திலேயே, "டிவிஷன் மாற்றக் கேட்டு யாரும் வரக்கூடாது" என்று இன்னொரு காகிதம். அதைப் படித்த பிறகுதான் பாதிப் பேருக்கு மாற்றக் கேட்கலாம் என்ற யோசனையே வரும்.

கவிதாவுக்கு இருந்தது ஒரே கவலை. பக்கத்து ராணுவக் குடியிருப்பு ஹர்பிரீத்தும் அவளும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஒரே பெஞ்சு. "எந்த டிவிஷன்னா என்னம்மா? ஹர்பிரீத்கூட இருந்தா போதும்" என்றாள். பத்து வயதுக் குழந்தைக்கு என்ன தெரியும்? எனக்கல்லவா தெரியும்! ஏ டிவிஷன் என்றால் டாக்டர். பி என்றால் பாங்க் உத்தியோகம். சி என்றால் கடவுள் விட்ட வழி. தாபோடித் தாய்மார்கள் காய்கறிக்கடையில் நின்று ஆராய்ந்து ஏகமனதாகக் கண்ட முடிவு இது.

அடுத்த வீட்டுச் செல்வியக்கா மே மாதமே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இங்க பாரு, ஃபாரத்துல தாய்மொழின்னு ஒரு கட்டம் இருக்குல்ல? மராட்டின்னு போட்டவங்க புள்ளைங்களுக்குத்தான் ஏ. தமிழ்னு போட்டா கண்ணை மூடிக்கிட்டு சி."

"உங்க பையன் எதுலக்கா?"

"அவன் பி. நான் அந்தக் கட்டத்துல ஒண்ணும் எழுதாம விட்டுட்டேன்."

இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? மறுநாளே பள்ளி ஆபீஸுக்குப் போய்ப் படிவத்தைக் கேட்டு வாங்கி, 'தமிழ்' என்பதை அடித்து 'மராத்தி' என்று எழுதினேன். கணவரிடம் சொல்லவில்லை. நல்ல காரியத்தைத் தம்பட்டம் அடித்துக்கொண்டா செய்வார்கள்?

பட்டியல் வந்தது. ஏ-யில் ஹர்பிரீத். சி-யில், கடைசிக்கு முந்தின பெயராகக் கவிதா. அவள் அழவில்லை. ஏ பட்டியலை மட்டும் மேலிருந்து கீழே மூன்று முறை விரல் வைத்துப் படித்தாள்.

அவளை இழுத்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குள் புகுந்தேன். அவர் படிவத்தைப் பார்த்தார். தாய்மொழி மராத்தி என்றிருந்ததால் மராத்தியிலேயே ஆரம்பித்தார். என் மராத்தி முழுக்கக் காய்கறிக்காரர்களிடம் கற்றது. விலை கேட்க, குறைக்கச் சொல்ல, வேண்டாம் என்று நடக்க, அவ்வளவுதான் வரும்.

"ஏ டிவிஷன் பாஹிஜே" என்றேன். வேண்டும் என்று அர்த்தம். அவர் நீளமாக ஏதோ விளக்கினார்.

"சி நக்கோ." வேண்டாம். அவர் இன்னும் நீளமாக விளக்கினார்.

கையிருப்பில் மிச்சமிருந்தது ஒன்றுதான். "ஜரா கமி கரா" என்றேன். கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்! அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அதற்கும் இறங்கவில்லை என்றால் என்ன செய்வது என்பது எனக்கு அத்துப்படி. பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலை நோக்கி மூன்று அடி நடந்தேன். எப்பேர்ப்பட்ட வெங்காயக்காரரும் அந்த மூன்றாவது அடியில் கூப்பிட்டுவிடுவார்.

தலைமையாசிரியையும் கூப்பிட்டார். வரிசையில் அடுத்து நின்றவரை.

அப்போதுதான் கவிதா இந்தியில் போட்டு உடைத்தாள். "மேடம், நாங்க தமிழ். அம்மாதான் மாத்தி எழுதிட்டாங்க."

அவர் ஒரு பழைய தாளை எடுத்து எங்கள் பக்கம் திருப்பினார். ஏ டிவிஷனின் முதல் பட்டியல். ஹர்பிரீத்தின் பெயர், அதற்கு நேர் கீழே கவிதாவின் பெயர், அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. "ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் போட்டிருந்தோம்" என்றார், இந்தியில். "சி-ங்கறது வீட்டுல மராத்தி பேசறவங்களுக்கு, இங்கிலீஷுக்கு அடுத்த பாடமா அவங்க மராத்தியே படிப்பாங்க. நீங்க வந்து மாத்தினீங்க, நாங்களும் மாத்தினோம். இப்ப அந்த இடத்துல வேற குழந்தை வந்தாச்சு."

வீட்டுக்கு வரும் வழியில் கவிதா என் கையைப் பிடிக்கவில்லை. விஷயத்தைக் கேட்ட செல்வியக்கா, "அப்படியா? நல்லவேளை, நான் ஒண்ணும் எழுதல" என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டார்.

கவிதா மராத்தியில் பரிசெல்லாம் வாங்கினாள். என் புத்திசாலித்தனத்தால்தான் என்று நானும் சில காலம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் ஒன்றரை வருடத்தில் ஹர்பிரீத்தின் அப்பாவுக்கு மாற்றல் வந்து அவர்கள் போய்விட்டார்கள். அந்தப் பெண்கள் இருவருக்கும் மிச்சமிருந்ததே அந்த ஒன்றரை வருடம்தான். அதை நான்தான் கெடுத்தேன். இந்த ஒரு இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

மற்றவர்களுக்கு வருகிறது. ரேஷன் கார்டோ, பாங்க் கணக்கோ, பாஸ்போர்ட்டோ, எங்கள் வீட்டுக்கு எந்தப் படிவம் வந்தாலும் என்னிடம் கையெழுத்து மட்டும்தான் வாங்குகிறார்கள். அதுவும் மேலே இருக்கிற கட்டங்களை ஒருவர் கையால் மறைத்துக்கொள்ள, நான் கையெழுத்துப் போட்டு முடித்ததும் இன்னொருவர் பேனாவைப் பிடுங்கிக்கொள்கிறார்.