மிட்நைட் வெளுத்த கதை

அன்புள்ள மச்சான் டெல்பர்ட் அவர்களுக்கு,

மினசோட்டாவிலிருந்து வெர்ஜில் எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை ஆர்டிஸ், வயலில் சோளம் மூவரும் சௌக்கியம். உங்கள் முழங்காலும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். சிக்னியைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். என் மகள் என்னோடு பேசி நான்கு நாளாகிறது.

எல்லாம் நீங்கள் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த மெஷினால் வந்தது. உப்புத் தண்ணீரை ஊற்றினால் ஹைப்போகுளோரஸ் அமிலமாக்கித் தரும், கிருமி தலைதெறிக்க ஓடும் என்றீர்களே, அதுதான். சிக்னியின் கறுப்புக் கிடேரி மிட்நைட்டுக்குக் கழுத்தில் படர்தாமரை வந்துவிட்டது. படர்தாமரையோடு போனால் மாவட்ட மாட்டுக் கண்காட்சி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், பதினெட்டு வயதாகிவிட்டதால் இளையோர் போட்டியில் சிக்னிக்கு இதுதான் கடைசி வருடம், பெற்ற மனசு கேட்குமா? மருந்து அடித்தேன். புத்தகத்தில் ஒரு சிட்டிகை உப்பு என்று போட்டிருந்தது. மிளகையே காரம் என்று ஒதுக்குகிற குடும்பம் நம்முடையது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது உப்பைத் தாராளமாப் போடுவோமேன்னு ஒரு கரண்டி போட்டேன். கழுத்தோடு நிறுத்துவானேன் என்று உடம்பு முழுக்க நனைத்து மூன்று நாள் வெயிலில் கட்டினேன். படர்தாமரை போச்சு. கூடவே கறுப்பும் போச்சு! உப்பு கூடினால் அது பிளீச்சிங் தண்ணியாகிவிடுமாம். மாடு இப்ப துருப்பிடிச்ச டிராக்டர் கணக்கா நிக்குது.

"அப்பா, நீங்க என்ன மாட்டையா குளிப்பாட்டினீங்க, பாத்ரூமையா?" என்றாள் சிக்னி. அதுதான் கடைசிப் பேச்சு.

கறுப்புச் சாயம் பூசலாமே என்று பக்கத்துப் பண்ணை ராஜர் சிரித்துக்கொண்டே சொன்னான். சாயம் பூசினால் போட்டியை விட்டே தள்ளிவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியாதா? எனக்கு அழுகையே வந்துவிட்டது, மச்சான். மெஷினைப் பெட்டியில் கட்டி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.

உங்கள் வயலில் மழை அளவாகப் பெய்யட்டும்.

இப்படிக்கு,
வெர்ஜில்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் சிக்னி கண்காட்சியிலிருந்து வந்துவிட்டாள், கையில் முதல் பரிசுக்கான ஊதா ரிப்பன்! மாட்டின் அழகைப் பார்க்கிற போட்டியில் கடைசி. ஆனால் மாட்டை நடத்துகிறவரின் திறமையைப் பார்க்கிற போட்டியில் முதல். "இப்படியொரு மாட்டை இவ்வளவு நிமிர்ந்து கூட்டிட்டு வந்த பொண்ணை நான் பாத்ததேயில்ல" என்றாராம் நடுவர். என்னைக் கட்டிக்கொண்டாள், மச்சான். மெஷினுக்காக வர வேண்டாம். அடுத்த மாதம் மாநிலக் கண்காட்சிக்குப் போக வேண்டிய தன் கறுப்புக் காளைக்குப் படர்தாமரை என்று ராஜர் வாசலில் நிற்கிறான். உப்பு எவ்வளவு போடட்டும் என்று சிக்னியைக் கேட்டேன்.

"தாராளமாப் போடுங்கப்பா!"