நாலு கியரும் பின்னால் போன மாப்பிள்ளை வண்டி

எனக்குக் கோபம் வந்தால் சட்டென்று போகாது. என் மகள் கோமதிக்குக் கல்யாணமாகி, இப்போது அவள் மகளுக்கே வரன் பார்க்கிறார்கள். கோமதி கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வந்த கோபம் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. சில பேர் கூறைப்புடவையை மடித்து வைத்திருப்பார்கள். நான் இதை வைத்திருக்கிறேன்.

கோபம் என் தம்பி சுப்பையா மேல்தான். சீவலப்பேரிப் பக்கம் வயல் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் அவனைத் தெரியும். பம்புசெட்டு மெக்கானிக். கெட்டுக் கிடக்கிற மோட்டாரில் அவன் கை பட்டால் தண்ணீர் வந்துவிடும். அதனால் உலகத்தில் சுற்றுகிற சாமான் எல்லாமே தனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு. (இந்த நினைப்பு எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் உண்டு. எனக்கும் உண்டு. ஆனால் நான் ஸ்பானரைத் தொடுவதில்லை.)

தொண்ணூறுகளில் நடந்தது இது. அம்பாசமுத்திரத்துக்கு மேலே மலையில் ஏதோ ஒரு கிளப்பை மூடிவிட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். நாற்காலி எடுக்கப் போனவன் ஒரு வண்டியோடு வந்து நின்றான். கோல்ஃப் வண்டியாம். பெரிய மனுஷர்கள் புல்வெளியில் குச்சியால் பந்தை அடித்துவிட்டு, அது விழுந்த இடத்துக்கு நடக்கச் சோம்பல்பட்டு ஏறிப் போகிற வண்டி. கதவு கிடையாது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்னால் இரண்டு பேர் உட்காரலாம். பேட்டரியில் ஓடுகிற வண்டி. அந்தப் பேட்டரி செத்து எந்தக் காலமோ ஆகியிருந்தது.

“இதை வச்சு என்னலே செய்யப்போற?” என்றேன்.

“மோட்டார் சைக்கிள் இன்ஜின் ஒண்ணு சும்மா கெடக்குக்கா. அதைத் தூக்கி இதுல வச்சிருதேன். கோமதிக்கு மாப்பிள்ளை அழைப்பு இந்த வண்டிலதான்.”

கல்யாணத்துக்கு முதல் நாள் பிள்ளையார் கோயிலில் இருந்து மாப்பிள்ளையைத் திறந்த காரில் வைத்து, மேளதாளத்தோடு மண்டபத்துக்கு அழைத்து வருவது எங்கள் பக்கத்து வழக்கம். ஊரே வாசலுக்கு வந்து பார்க்கும். மாப்பிள்ளை எப்படி என்று பாதிப் பேர் பார்ப்பார்கள். மீதிப் பேர் கார் எப்படி என்று பார்ப்பார்கள்.

என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி, தங்கள் வீட்டு ஜீப்பின் மேல்துணியைக் கழற்றித் தருவதாகச் சொன்னாள். பேசாமல் வாங்கியிருக்கலாம். வாங்கினால் நான் சாகிற வரைக்கும் அந்த ஜீப் என் தலைமேலேயே நிற்கும். “வேண்டாம்க்கா, எங்க மாப்பிள்ளைக்குன்னே தனியா வண்டி செய்யுதோம்” என்று சொல்லிவிட்டேன். அவளிடம் மட்டுமா சொன்னேன்? படித்துறையில் சொன்னேன். ரேஷன் கடை வரிசையில் சொன்னேன். டவுன் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த முன்பின் தெரியாத பெண்ணிடமும் சொன்னேன். பாவம், அவள் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டாள்.

சுப்பையா இன்ஜினை எடுத்து வண்டிக்குள் வைத்தான். இருக்கிற வாக்கில் வைத்தால், உதைத்து ஸ்டார்ட் செய்கிற கிக்கர் உள்பக்கம் போய் இடித்தது. தாடையைச் சொறிந்தான். பிறகு இன்ஜினையே முன்பின்னாகத் திருப்பி, கிக்கர் வெளிப்பக்கம் வருகிற மாதிரி வைத்து வெல்டிங் அடித்துவிட்டான்.

“பாத்தியாக்கா மூளையை!” என்றான்.

பார்த்தேன். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எனக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும்? மினுங்கியது, போதும் என்று நினைத்தேன்.

சோதித்துப் பார்க்காமலும் இல்லை. பின்சக்கரம் தரையில் படாதபடி செங்கல் அடுக்கி வண்டியைத் தூக்கி வைத்து உதைத்தான். சக்கரம் காற்றாடி மாதிரி சுற்றியது. கூடி நின்ற ஆம்பிளைகள் எல்லாம் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. அப்புறம் பெயின்ட் அடித்தார்கள். பெயின்டில் புழுதி ஒட்டக்கூடாது என்று டிராக்டர் டிரெய்லரில் ஏற்றித்தான் கோயில் வாசலுக்கே கொண்டுவந்து இறக்கினார்கள். ஆக, அந்த வண்டி முதன்முதலாகத் தரையில் ஓடப்போனது என் மருமகனை ஏற்றிக்கொண்டுதான்.

மருமகன் சிமென்ட் கலர் கோட்டு சூட்டில், ரோஜா மாலையோடு முன் சீட்டில் உட்கார்ந்தார். மேளக்காரர்கள் முன்னால் நின்றார்கள். வண்டிக்குப் பின்னால் மாப்பிள்ளை வீட்டார், கையில் பழத் தாம்பாளங்களோடு. அவர்களுக்கு நடுவில் மாப்பிள்ளையின் அத்தை. திசையன்விளைக்காரி. தாயில்லாத பிள்ளையை எடுத்து வளர்த்தவள். அவள் வேண்டாம் என்றால் அந்த வீட்டில் எந்தக் காரியமும் நடக்காது.

முதல் உதையிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. சுப்பையா ஏறி உட்கார்ந்தான். தவில்காரர் அடியைக் கூட்டினார். நான் ஓரகத்தியின் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன். (அவள் மண்டபத்தில் ஆரத்தித் தட்டோடு நிற்கிறாள் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அது ஒரு குறை.)

சுப்பையா கிளட்சை விட்டான்.

மேளம் முன்னால் போனது. மாப்பிள்ளை பின்னால் போனார்.

“ஏலே! ஏ! நிப்பாட்டுலே!” என்று மாப்பிள்ளை வீட்டார் நாலா பக்கமும் சிதறினார்கள். தாம்பாளம் உருண்டது. ஆப்பிள் எல்லாம் வாய்க்காலைப் பார்த்து ஓடியது. சுப்பையா தப்பான கியரில் போட்டுவிட்டோம் என்று நினைத்து இரண்டாவது கியருக்கு மாற்றினான். வேகம்தான் கூடியது. மூன்றாவதும் போட்டான் பாருங்கள், அந்த தைரியத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த வைக்கோல் படப்பில் போய்ப் பாதி வண்டி புதைந்து நின்றது.

மேளக்காரர்களுக்கு இது எதுவும் தெரியாது. தங்கள் சத்தத்தில் தாங்களே மயங்கி, தெருமுனை திரும்பிப் போய்விட்டார்கள்.

மருமகன் கோட்டில் வைக்கோலோடு இறங்கினார். நல்ல மனுஷர். “பரவாயில்ல அத்தை, நான் நடந்தே வாரேன்” என்று என்னிடம் சொன்னார்.

“எங்க பிள்ளை எதுக்கு நடக்கணும்? நேர்ந்துவிட்ட கெடாவா?” என்று திசையன்விளைக்காரி சீறினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “மதினி, கோயில் வாசல்ல இருந்து பொறப்பட்ட பிள்ளை பின்னால போயிட்டான். இதுக்கு மேல சகுனம் என்ன வேணும்? நாங்க பஸ் ஏறுதோம்.”

அங்கே என் மகள் தலை நிறையப் பூ வைத்து, மேளச் சத்தம் நெருங்குகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இங்கே அவள் மாப்பிள்ளை பஸ் ஏறப் போகிறார்.

“சுப்பையா, என்னலே கோளாறு?”

“ஒண்ணுமில்லக்கா. பம்புசெட்டு மோட்டார் திரும்பிச் சுத்துனா ரெண்டு வயரை மாத்திக் குடுத்தா சரியாயிரும்.”

“மாத்துலே அப்பம்!”

சீட்டைத் தூக்கினான். ரொம்ப நேரம் உள்ளே பார்த்தான். “இதுல அந்த வயரே இல்லக்கா” என்றான்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், வேட்டியில் ஒட்டிய வாழைப்பழத்தைத் துடைத்துக்கொண்டே, “நாலு கியரும் ரிவர்ஸ் கியரா இருக்க வண்டியை இப்பம்தான் வே பாக்கேன்” என்றார்.

ஜீப்புக்கு ஆள் அனுப்பலாமா என்று யாரோ கேட்டார்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டது. சுப்பையாவைப் பார்த்தேன், அறையலாம் என்று நாலு எட்டு வைத்தேன். ஆட்கள் படப்பில் இருந்து இழுத்துப் போட்டிருந்த வண்டியின் பின் சீட்டு எதிரே நின்றது. காலியாக, எங்களைப் பார்த்துக்கொண்டு.

“ஏ சுப்பையா! வண்டியோட வாலை மண்டபத்தைப் பாத்துத் திருப்புலே.”

“என்னக்கா சொல்லுத?”

“அது பின்னாலதான போவும்? போவட்டும். மாப்பிள்ளை பின் சீட்டுல உக்காரட்டும். அவர் மொகம் மண்டபத்தைப் பாத்து இருக்கும். நீ அங்கன திரும்பி உக்காந்து ஓட்டு. உன் மொகத்தை இன்னைக்கு ஒருத்தரும் பாக்க வேண்டாம்.”

திசையன்விளைக்காரி பின் சீட்டைப் பார்த்தாள். “பிள்ளை மொகம் முன்னால பாக்குமா?”

“பாக்கும் மதினி.”

“அப்பம் பக்கத்துல நானும் ஏறுவேன்.”

“ஏறுங்க. யாரு வேண்டாம்னா?”

மேளக்காரர்களை ஓடிப் போய்ப் பிடித்து வந்தார்கள். வைக்கோலைத் தட்டிவிட்டு மருமகனும் அவர் அத்தையும் ராஜாவும் ராஜமாதாவுமாக உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கழுத்தை மட்டும் முறுக்கிப் பின்னால் பார்த்தபடி சுப்பையா வண்டியை விட்டான். பாம்பு மாதிரி நெளிந்தாலும் போனது. ஊர்க்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். “சீமை வண்டில டிரைவர் மொதலாளியைப் பாக்கக்கூடாதாம் வே. அப்படி மரியாதை” என்று டீக்கடை வாசலில் ஒருவர் விளக்கம் சொன்னார். நான் நிமிர்ந்து நடந்தேன். உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது.

மண்டப வாசலுக்கு வந்ததும் சுப்பையாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. ஒரு நிமிஷம் நேராகத் திரும்பிக்கொண்டான். வண்டி வாசலில் கட்டியிருந்த வாழையில் மோதி, ஒரு தார் திசையன்விளைக்காரி மடியில் விழுந்தது. மரியாதை செய்கிறோம் என்று நினைத்து அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். சரியாக அந்த நேரத்தில் போட்டோக்காரர் பிளாஷ் அடித்தார்.

கோமதியின் கல்யாண ஆல்பத்தில் முதல் படம் அதுதான். மாப்பிள்ளை சிரிக்கிறார். அத்தை மடியில் வாழைத்தார். பின்னால் ஒரு ஆள் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருக்கிறான். புதிதாகப் பார்க்கிறவர்கள் அது யார் என்று கேட்பார்கள். பெண்ணுக்குத் தாய்மாமன் என்பார்கள். உடனே அடுத்த கேள்வி வரும்: “தாய்மாமனுக்கு அப்படி என்ன கோவம்?”

வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். இப்போது எந்த விசேஷத்துக்குச் சுப்பையா போனாலும் வாசலிலேயே இதைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். கோபித்துக்கொள்வானோ என்று பயந்து பந்தியில் முதல் இலை அவனுக்குப் போடுகிறார்கள். அவனும் மறுத்துச் சொல்வதில்லை. “ஆமா, நமக்கு மரியாதை கொறஞ்சா பிடிக்காது பாத்துக்கிடுங்க” என்று சொல்லிக்கொண்டு இரண்டாவது தடவை பாயசம் வாங்குகிறான்.

அன்றைக்குக் கோபப்பட்டவள் நான். அந்தக் கோபத்தால்தான் கல்யாணமே நடந்தது. அந்தப் படத்தில் என் புடவைத் தலைப்புகூட இல்லை.