உங்கள் மகள் தின்ற பதினேழாம் கிணறு

நெபித்-தாக்,
13 ஏப்ரல் 1952

பெருமதிப்புக்குரிய மாமா நெபெஸ் உஸ்தா அவர்களின் சமூகத்துக்கு, மருமகன் ஹோஜகெல்தி மிகுந்த பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். தங்கள் நலமும், அத்தையின் நலமும், ஒட்டகங்களின் நலமும், தற்சமயம் பாலைவனத்தில் தாங்கள் தோண்டிக்கொண்டிருக்கும் கிணற்றின் நலமும் அறிய ஆவலாக இருக்கிறேன்.

யாவரும் நலம் என்று எழுதியது வழக்கத்துக்காக. நான் நலமாக இல்லை. மூன்று நாளாக உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. இந்தக் கடிதத்தின் முதல் நான்கு வரிகளுக்குள் இரண்டு தடவை எழுந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டிகளை எண்ணிவிட்டு வந்தேன். திருமணத்தன்று பார்த்ததற்குப் பிறகு, மாமனார் முன்னால் மருமகன் போய் நிற்பது நம்மில் முறையல்ல என்பதால் எல்லாவற்றையும் எழுத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. விஷயம் இதுதான்: தங்கள் மகள் நூர்ஜெமாலைத் தாங்கள் உடனே வந்து அழைத்துக்கொண்டு போக வேண்டும். ஐந்தாம் மாதம், பயணம் உடம்புக்கு ஆகாது என்று அத்தை சொல்லக்கூடும். அவள் இங்கே இருப்பது என் படிப்புக்கு ஆகவில்லை என்று அத்தையிடம் சொல்லுங்கள்.

பெட்டிகள் என்றால் என்ன என்று கேட்பீர்கள். எண்ணெய்க்காகத் துளை போடும்போது ஆழத்திலிருந்து உருளை உருளையாகக் கல்லும் களிமண்ணும் மணலுமாக வெளியே எடுப்போம். மேலே வந்தது மேலே, கீழே வந்தது கீழே என்று வரிசை பிசகாமல் மரப்பெட்டிகளில் அடுக்குவோம். அந்த வரிசைதான் எங்களுக்கு வேதம். பதினேழாம் எண்ணெய்க் கிணற்றின் கடைசி அறுபது மீட்டர் நாற்பது பெட்டிகளில் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்துக் கிடங்கில் இருந்தது. நவம்பரில் அடித்த காற்று கிடங்கின் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. அங்கே காவலாளியாக இருப்பவர் என் தகப்பனார். பெட்டிகளைப் பத்திரமாக நம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள் என்றேன். எண்ணெய் எடுக்கிற ஊர்தான், ஆனால் அன்றைக்கு லாரிக்குப் பெட்ரோல் இல்லை. அப்பா யாரிடமோ ஓர் ஒட்டகத்தை இரவல் வாங்கிவந்து, பத்து நடை நடந்து, நாற்பது பெட்டிகளையும் எங்கள் ஒன்றரை அறையில் கொண்டுவந்து சேர்த்தார். சமையல் அடுப்பைத் தவிர மற்ற எல்லா இடமும் பதினேழாம் கிணறு ஆகிவிட்டது. தூங்குவது ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டரில், தேநீர் குடிப்பது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதில்.

குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து அந்த வரிசையைப் படித்தேன். படிக்கப் படிக்கத் தலை சுற்றியது. மேலே உப்புக் களிமண், அப்புறம் எண்ணெய் ஊறிய மணல், அதற்குக் கீழே மறுபடியும் அதே மாதிரிக் களிமண். இப்படி எங்கேயும் நான் பார்த்ததில்லை. பாக்கூவில் எனக்குப் பாடம் சொன்னவர்களும் பார்த்ததில்லை. பூமி அந்த இடத்தில் மடிந்து குப்புறப் படுத்துக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்தேன். எண்பத்திரண்டு பக்கம் எழுதினேன், ஒன்பது படம் வரைந்தேன். இதை ஒப்புக்கொண்டால் எனக்கு ஆராய்ச்சிப் பட்டம். இதன்படி கீழே களிமண்தான் இருக்கிறது, ஆகவே பதினேழாம் கிணற்றை மூடிவிடலாம் என்பது என் முடிவுரை. மூடுவதா வேண்டாமா என்று பார்க்க அஷ்காபாத்திலிருந்து ஒரு குழு வருவதாகத் தகவல் வந்தது. நான் புதுக் கோட்டு தைத்துக்கொண்டேன்.

மார்ச் மாதத்தில் களிமண் குறைய ஆரம்பித்தது. ஆறாம் பெட்டியில் ஒரு விரற்கடை, ஒன்பதாம் பெட்டியில் இரண்டு விரற்கடை. எலி என்று நினைத்துப் பொறி வைத்தேன், என் கால் விரல்தான் மாட்டியது. பக்கத்து வீட்டு ஸீனா அக்காவின் ஆடு என்று சந்தேகப்பட்டு அதைக் கட்டிப்போடச் சொன்னேன். ஸீனா அக்கா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார், களிமண் குறைவது நிற்கவில்லை. மாமனார் முன்னால் மருமகள் வாய் திறப்பது நம் வழக்கமில்லையே; வீட்டில் அப்பா இருப்பதால் நூர்ஜெமால் எப்போதும் முக்காட்டின் நுனியைப் பல்லில் கடித்து வாயை மூடிக்கொண்டுதான் இருப்பாள். இரண்டு வருடமாக அப்பா முன்னால் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவ்வளவு அடக்கமான பெண் என்று ஊரே சொல்லும். அந்த முக்காட்டுக்குள் அவள் என் ஆராய்ச்சியை மென்றுகொண்டிருந்தாள் என்பது ஊருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அப்பா இல்லாத நேரத்தில் கையும் களிமண்ணுமாகப் பிடித்தேன். மசக்கைக்காரி மண் தின்பது உலகத்தில் உள்ளதுதான். வாசலில் இல்லாத மண்ணா, ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டருக்குக் கீழே இருந்து அரசாங்கம் எடுத்துவந்த மண்தான் வேண்டுமா என்று கத்தினேன். அவள் பயப்படவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்:

“ஆறாம் பெட்டியும் ஒம்பதாம் பெட்டியும் ஒரே கட்டிங்க. ஒரே உப்பு, ஒரே வழவழப்பு. நடுவுல எட்டாம் பெட்டியில அந்த மண்ணெண்ணெய் வாடை மணலை யாரு கொண்டுவந்து சொருகினது?”

உனக்கு எப்படித் தெரியும் என்றேன். எங்கப்பா முழத்துக்கு ஒரு தடவை மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு தோண்டுவார், கூட நின்று நானும் வைத்துப் பார்த்திருக்கிறேன் என்றாள். ஏன் இவ்வளவு நாளாகச் சொல்லவில்லை என்றேன். “பெட்டி அடுக்கினது மாமா. மாமா அடுக்கினது தப்புன்னு நான் எப்படிங்க சொல்றது?” என்று மறுபடியும் முக்காட்டைக் கடித்துக்கொண்டாள்.

அப்பா வந்ததும் பட்டும் படாமலும் விசாரித்தேன். அவர் பெருமையாகச் சொன்னார். ஒட்டகத்துக்கு இரண்டு பக்கமும் பாரம் சமமாக இருக்க வேண்டுமே, நான் கொண்டுவரச் சொன்ன பெட்டிகளில் சில கனமாகவும் சில லேசாகவும் இருந்தனவாம். அதனால் கிடங்கிலேயே உட்கார்ந்து கல்லையெல்லாம் எடுத்து, பெட்டிக்குப் பெட்டி எடை ஒத்துப்போகும்படி மாற்றி அடுக்கினாராம். காற்றில் பறந்த, ஆழம் எழுதிய சீட்டுகளையும் ஒன்றுவிடாமல் பொறுக்கி, பெட்டிக்கு ஒன்றாக அழகாக ஒட்டினாராம். “முப்பது வருஷம் ஒட்டகத்துக்குப் பாரம் கட்டினவன்டா நான். ஒரு பெட்டி தராசுல ஏறாது, இன்னொண்ணு எறங்காது” என்றார். மாமா, பூமி மடியவில்லை. என் அப்பா மடித்திருக்கிறார்.

இங்கேதான் ஒரு விஷயத்தைத் தங்களிடம் ஒளிக்காமல் எழுத வேண்டும். செவ்வாய்க்கிழமையே எனக்கு எல்லாம் தெரியும். வியாழக்கிழமை குழு வந்தது. எண்பத்திரண்டு பக்கத்தையும் ஒன்பது படத்தையும் மூன்று வருடப் படிப்பையும் நினைத்துப் பார்த்தேன். அப்பாவை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் கோட்டு வீணாகப் போய்விடுமே என்றுதான் பயம். குழுத் தலைவர் இக்னாத்யெவ் என்பவர் வெள்ளைத் தாடிக்காரர், நம் மொழியை நம்மைவிட நன்றாகப் பேசுகிறவர். பெட்டிகள் எங்கள் வீட்டில் இருந்ததால் குழுவும் எங்கள் வீட்டுக்கே வந்து, பெட்டிகளுக்கு நடுவில் கம்பளத்தில் உட்கார்ந்தது. நான் குப்புறப் படுத்த பூமியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். தலைவருக்குக் கண்ணெல்லாம் மலர்ந்துபோனது. இதை மாஸ்கோவில் வந்து பேச வேண்டும் என்றார். பிறகு கிணற்றை மூடுகிற தாளை எடுத்து முழங்கால் மேல் வைத்துப் பேனாவைத் திறந்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நூர்ஜெமால் தேநீர்க் கெண்டியோடு வந்தாள். கெண்டியைக் கீழே வைத்தாள். முக்காட்டின் நுனியை வாயிலிருந்து எடுத்தாள். அப்பா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“மாமா, மன்னிச்சுக்குங்க. ஒட்டகத்துல ஏத்துறப்ப மணல் பெட்டியும் களிமண் பெட்டியும் எடம் மாறிப்போச்சு. களிமண்ணெல்லாம் ஒரே கட்டி, அது மேல இருந்தது. மணல்தான் கடைசி. அது இன்னும் முடியல. இவங்க தோண்டுறதை நிறுத்தின எடத்துலதான் அது ஆரம்பிக்குது.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. தலைவர் என் பக்கம் திரும்பாமல் அப்பாவைப் பார்த்தார். அப்பா வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்தில் அவர் அவள் குரலைக் கேட்பது அதுதான் முதல் தடவை. “என் மருமக சொல்றது சரி. பாரம் சமமா இருந்ததே தவிர வரிசை எனக்குத் தெரியாது” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? முக்காடு இல்லாமல் வாய் திறந்திருந்தவன் நான், உண்மையைச் சொன்னவள் அவள். வெட்கத்தில் இன்னும் நிமிர முடியவில்லை.

தலைவர் பேனாவை மூடினார். கல்லும் களிமண்ணும் எந்த முனையில் எதோடு பொருந்துகிறது என்று பார்த்துப் பார்த்து இரண்டு நாள் எல்லோரும் தரையில் தவழ்ந்தோம். அவள் சொன்னதுதான் சரி. இன்னும் அறுபது மீட்டர் தோண்டச் சொல்லி உத்தரவு ஆகிவிட்டது. என் பட்டமும் மாஸ்கோவும் போயின. அந்த எண்பத்திரண்டு பக்கங்களின் பின்புறத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போகட்டும் என்று இருந்துவிடலாம் என்றால், பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. அப்பாவும் அவளும் இரண்டு வருடத்துப் பாக்கியைக் காலையிலிருந்து பேசித் தீர்க்கிறார்கள். அதில் பாதி என்னைப் பற்றி. நான் உள்ளே நுழைந்தால் இருவரும் தேநீர் குடிக்கிறார்கள். ஆகவே தயவுசெய்து அடுத்த ரயிலிலேயே வந்து அவளை அழைத்துப்போகும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறட்டும், தங்கள் நிழல் எங்கள் மேல் நெடுங்காலம் இருக்கட்டும். அத்தைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள மருமகன்,
ஹோஜகெல்தி

பி.கு.: தபாலில் சேர்க்கச் சொல்லி நூர்ஜெமாலிடம் கொடுத்தேன். உறையைப் பிரித்து முழுவதும் படித்துவிட்டு, “எல்லாம் சரி, எங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியாதே” என்றாள். கடிதம் வந்தால் பள்ளிக்கூட ஆசிரியர்தான் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு உரக்க வாசிப்பாராமே. ஆகவே, மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு: மேலே உள்ளதில் ஒரு வரியும் வாசிக்க வேண்டாம். யாரும் வந்து யாரையும் அழைத்துப்போக வேண்டியதில்லை, அவள் போகமாட்டாளாம், அப்பா விடமாட்டாராம், யோசித்துப் பார்த்தால் எனக்கும் அவள் இல்லாமல் முடியாது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதும் இதை மட்டும் வாசித்தால் போதும்:

“அப்பா, மாமா முன்னாடி வாயைத் திறந்து பேசிட்டேன். ஒண்ணும் ஆகல. அம்மாகிட்டயும் சொல்லுங்க.”