நாற்காலியைப் பிடித்த காந்தள்

நாமக்கல்லில் ஏர்ஹாரனையே வாயடைக்க வைத்த ஒரே மனிதர் எங்கள் பெயின்டர்தான். லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் அவர் பெயின்டர், நான் ஆபீஸ் கிளார்க். அவருடைய சொந்தப் பெயர் அவர் சம்சாரத்துக்காவது தெரியுமா என்பது சந்தேகம்.

கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு வேலியோரம் செங்காந்தள் கிழங்கைத் தோண்டி வந்து, பட்டறை வேப்பமர நிழலில் நட்டார். முதல் வருஷமே நெருப்பாய்ப் பூத்தது. கிழங்கு விஷம் என்று யாரோ சொல்ல, டீசல் டேங்கருக்கு எழுதுவது போலத் தகரத்தில் 'அபாயம்! எட்டி நில்!' என்று எழுதி நட்டுவைத்தார். மண்டையோடு வேறு. திருஷ்டிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்.

தை மாதம் கொடி காய்ந்து, இருந்த சுவடே இல்லாமல் போனது.

"செத்துப்போச்சுங்களா?" என்று கேட்டேன்.

"வாயைக் கழுவுங்க சாமி! லாரி வருசத்துக்கு ஒருக்கா ஓட்டத்த நிறுத்திட்டு எப்.சி. டெஸ்ட்டுக்கு நிக்கறதில்லீங்களா? இது மண்ணுக்குள்ள நிக்குது. மழை பேஞ்சா வண்டி கெளம்பீரும்."

ஆனி முடிந்தும் வண்டி கிளம்பவில்லை. அந்தப் பக்கம் ரிவர்ஸ் எடுத்த டிரைவர்களைப் பெயின்டர் விரட்டினார். ஹாரன் அடித்தவர்களுக்குத் தனி அர்ச்சனை. அதே நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு டீ குடிக்கும் முதலாளி பொறுமை இழந்தார்.

"ஏனுங்க பெயின்டரே, வெறும் மண்ணுக்கா இந்தக் காவல்? ஆடிப் பதினெட்டு வரைக்கும் பாக்கறேன். முளைக்கலீன்னா காங்கிரீட்டு போட்டு வண்டி நிறுத்தீருவேன்."

பெயின்டருக்குச் சோறு இறங்கவில்லை. ஆடியில் நல்ல மழையும் பெய்தது. தினமும் போர்டைச் சுற்றிக் குப்புறப் படுத்துத் தேடினார். புல்தான் முளைத்திருந்தது.

பதினெட்டாம் பெருக்கன்று டீ குடித்துவிட்டு எழுந்த முதலாளி, காங்கிரீட்டுக்கு இடம் விட நாற்காலியை இழுக்கப் போனார்.

"இழுக்காதீங்க!"

பெயின்டர் போட்ட கத்தலில் முதலாளியின் டம்ளர் எங்கோ பறந்தது. போர்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, நாற்காலியின் பின்னங்காலை ஒட்டி இரண்டு சாண் உயரத்துக்குக் கொடி. இலைநுனி சுருண்டு அந்தக் காலைக் கெட்டியாகப் பிடித்திருந்தது.

"கோவிச்சுக்காதீங்க முதலாளி. சேரு இனி அதுக்குங்க."

"அப்ப நான் எங்க உக்காருறது?"

முதலாளி அந்த மழைக்காலம் முழுக்க நின்றபடியே டீ குடித்தார். புதிதாக ஒரு நாற்காலி வாங்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. காங்கிரீட் பேச்சும் அதோடு போயிற்று.

ஆயுத பூஜையன்று நாற்காலியின் முதுகில் முதல் பூ விரிந்தது. பெயின்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னவென்று கேட்டேன்.

"தின்னர் நெடி கண்ணக் கரிக்குதுங்க சாமி."

பிரஷ், பெயின்டில் கலக்கும் தின்னர் டப்பா எல்லாம் பொட்டு வைத்துப் பூஜையில் இருந்தன. அன்றைக்கு அவற்றை யாரும் தொடவே மாட்டோம். நான் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.