ஊதி வாத்தியாரும் குழாய்க் கொம்பும்

கொரோனா அடங்கி, முகமூடி இல்லாதவனையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்ட வருஷம் அது. அப்போதுதான் துடியலூர்ப் பக்கத்துச் சமுதாயக் கல்லூரிக்கு ஊதி வாத்தியார் வந்தார். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காத நான் அங்கே வாட்ச்மேன். அவரைப் போல இன்னொரு ஆளை இந்தக் கொங்கு மண் தாங்காது.

குழாய் வேலை சொல்லித்தருகிறவர். ஆனால் வாயில் வைத்து ஊதிப்பார்க்காமல் ஒரு பைப்பையும் மாட்ட விடமாட்டார். "அடைப்பு இருந்தா சத்தமே காட்டிக்குடுத்துரும் கண்ணு" என்பார். வகுப்பே ஊதும். பக்கத்தில் கட்டியிருந்த என் எருமை, நல்ல எருமை, புளியம்பட்டிச் சந்தையில் பிடித்தது, மிரண்டுபோய் இரண்டு நாள் பால் தரவில்லை.

ஊர்ப் பொங்கல் விழாவில் தன் மாணவர்களை மேடையேற்ற வேண்டும் என்பது அவர் ஆசை. எல்லாம் தோட்டக்கூலி வீட்டுப் பிள்ளைகள். மேடைக்குப் பந்தல்கால் நட்டிருக்கிறார்கள், ஏறியதில்லை.

"குழாய் காலேஜுக்கு மேடை எதுக்குங்க? தண்ணித் தொட்டியக் கழுவிக் குடுங்க, போதும்" என்றார் விழாத் தலைவர்.

மறுநாளே வாத்தியார், வளைக்கும்போது நசுங்காமலிருக்கப் பைப்பில் மணலை நிரப்பி, அனலில் காட்டி வளைத்து, கொம்பு வாத்தியம் செய்ய ஆரம்பித்துவிட்டார். நுனிக்கு ஒரு புனல்.

விழா அன்று ஊர்வலம் கிளம்பும் நேரம். கொம்பு ஊத வரவேண்டியவர்களின் வேன் சத்தியமங்கலத்திலேயே படுத்துக்கொண்டது. தலைவர் கல்லூரி கேட்டுக்கு ஓடிவந்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, அந்தக் கருமத்த எடுத்துட்டு வாங்க!"

"தொட்டி கழுவிட்டிருக்கறமுங்க."

"அட, மேடையும் தாரேன், வாங்க சாமி!"

மாணவி செல்விதான் முதலில் ஊதினாள். புஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது. ஊரே சிரித்தது. செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. வாத்தியார் புனலைக் கழற்றித் தட்டினார். ஒரு கை மணல் கொட்டியது.

"ஊதிப்பாக்காம மாட்டிப்போட்டது நானுங்க. தப்பு எம்மேல" என்று கூட்டத்துக்கே சொல்லிவிட்டு, "இப்ப ஊது அம்மணி" என்றார்.

ஊதினாள் பாருங்கள்! மற்ற கொம்புகளும் சேர்ந்துகொண்டன. மேட்டுப்பாளையம் ரோட்டு பஸ்கள் ஹாரன் அடிக்க வெட்கப்பட்டன. மருதமலை முருகன் எட்டிப்பார்த்திருப்பார். அன்று சாயங்காலம் செல்வி மேடை நடுவில் நின்றாள். தாமதமாக வந்த கொம்புக்காரர்கள், "இது எந்த ஊர் செட்டுங்க?" என்று கேட்டார்கள்.

"நம்ம காலேஜுங்க!" என்றார் தலைவர், தானே வளைத்ததுபோல.

இப்போது கல்லூரியில் தேதி கேட்காமல் இங்கே ஒரு விசேஷமும் இல்லை. ஊர்ப் பெண்கள் கும்மி பழகுவதும் கல்லூரித் திடலில்தான்.

ஊதி வாத்தியார் காரமடைப் பக்கம் மாறிப்போய்விட்டார். புது வாத்தியார் அடைப்பை மிஷின் வைத்துப் பார்க்கிறார். காரமடைப் பக்கம் யாராவது பைப்பை வாயில் வைத்து ஊதுவதைக் கண்டால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: வகுப்பில் ஊதும் சத்தம் கேட்காமல் வாட்ச்மேனின் எருமை மறுபடியும் பால் தருவதில்லை என்று.